மகளின் பங்கும் மண்ணின் பதிவேடும்

தொழுகையைக் கடமையாக்கிய வல்ல இறைவன், எந்த வேளைக்கு எத்தனை ரக்அத்துகள் என்பதைத் திருமறையில் எண்ணிக் கூறவில்லை. ஜகாத்தை விதித்தவன், அது நூற்றுக்கு எவ்வளவு என்பதையும் அங்கே குறிப்பிடவில்லை. அந்த விவரங்களையெல்லாம் தன் தூதர் நாயகம் (ஸல்) அவர்களின் சொல்லாலும் செயலாலும் நமக்கு அறிவித்தான். ஆனால், இறந்தவர் விட்டுச் சென்ற பொருளைப் பங்கிடும் இடத்தில் மட்டும் இறைவன் தானே பின்னங்களை எண்ணி உரைக்கின்றான். அரை, கால், அரைக்கால், மூன்றில் இரண்டு, மூன்றில் ஒன்று, ஆறில் ஒன்று என்று பங்குகள் அருள்மறையிலேயே அறுதியிடப்பட்டுள்ளன.

ஏன் இந்த நுணுக்கம் என்று நீங்கள் எண்ணிப் பார்த்ததுண்டா? மனிதனின் கை எந்த இடத்தில் அதிகமாக நீளுமோ, அந்த இடத்தில் அவனுடைய விருப்பத்திற்கு இடமே இல்லாதபடி இறைவன் எல்லை வகுத்துவிட்டான். ஸூரத்துன் நிஸாவின் 7ஆம் வசனம், பெற்றோரும் நெருங்கிய உறவினரும் விட்டுச் சென்றவற்றில் ஆண்களுக்குப் பங்கு இருப்பதைப் போலவே பெண்களுக்கும் பங்கு உண்டு என்கிறது. அப்பொருள் குறைவாயினும் நிறைவாயினும் அது விதிக்கப்பட்ட பங்கு என்றும் அறிவிக்கிறது. வீட்டிலுள்ள பாத்திரத்தில் பங்கு உண்டு, வயலில் மட்டும் இல்லை என்று அவ்வசனத்தில் எங்கும் காணோம்.

ஆயினும் வேளாண்மையை நம்பி வாழ்ந்த முஸ்லிம் சமுதாயங்கள் பலவற்றில், மகளுக்கு நகை கிடைத்தது, சீர் கிடைத்தது. நிலம் மட்டும் கிடைக்கவில்லை. இது எவ்வாறு நேர்ந்தது? இறைவன் கொடுத்ததை மனிதன் எந்தக் கருவியால் பறித்தான்? இதனை நாம் சற்று விரிவாகச் சிந்திக்கக் கடமைப்பட்டுள்ளோம்.

மதீனாவில் நடந்த வழக்கு

ஸஅத் இப்னு ரபீஉ (ரலி) அவர்கள் மதீனத்து அன்ஸாரிகளில் ஒருவர். மக்காவிலிருந்து வெறுங்கையுடன் வந்த அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களுக்குத் தம் செல்வத்தில் பாதியைப் பிரித்துத் தர முன்வந்த பெருந்தகை. ஹிஜ்ரி 3ஆம் ஆண்டு, அதாவது கி.பி. 625இல், உஹதுப் போர்க்களத்தில் அவர் ஷஹீதானார். அவருக்கு மனைவியும் இரு பெண்மக்களும் இருந்தனர். அன்றைய அரபு வழக்கப்படி, ஆயுதம் ஏந்திக் குலத்தைக் காக்க வல்லவனுக்கே சொத்து. எனவே ஸஅதின் சகோதரர் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டார். வழியில் வந்த அந்நியனுக்குப் பாதியைக் கொடுக்கத் துணிந்தவருடைய மக்கள், சொந்தச் சிற்றப்பனால் ஏதுமற்றவர்களாயினர்.

அந்த விதவைத் தாய் வாய்மூடி இருந்துவிடவில்லை. இரு பெண்களையும் கையிற் பிடித்துக்கொண்டு நாயகம் (ஸல்) அவர்களிடம் வந்து முறையிட்டார். இறைவன் இதில் தீர்ப்பளிப்பான் என்று பெருமானார் கூறினார்கள். வாரிசுரிமை வசனம் இறங்கியது. உடனே அச்சகோதரரை அழைத்து வரச் செய்து, பெண்மக்கள் இருவருக்கும் மூன்றில் இரண்டு பங்கையும், அவர்களின் தாய்க்கு எட்டில் ஒரு பங்கையும் கொடுத்துவிட்டு, எஞ்சியதை நீர் எடுத்துக்கொள்ளும் என்று ஆணையிட்டார்கள். திர்மிதீ, அபூதாவூத் ஆகிய நபிமொழித் தொகுப்புகளில் இச்செய்தி இடம்பெற்றுள்ளது.

இந்த நிகழ்ச்சியில் ஒன்றைக் கூர்ந்து நோக்குங்கள். வசனம் இறங்கியதோடு காரியம் முடிந்துவிடவில்லை. சொத்தைக் கையில் வைத்திருந்தவரை அழைத்து, கொடு என்று சொல்லும் அதிகாரம் ஒன்று அங்கே இருந்தது. உரிமையும் அதிகாரமும் ஒரே பக்கத்தில் நின்றதால் அந்தப் பெண்மக்கள் தங்கள் பங்கைப் பெற்றனர். அதிகாரம் எதிர்ப்பக்கத்தில் நின்றால் என்ன ஆகும்? அதற்கு விடை கூறுகிறது பஞ்சாபின் வரலாறு.

வழக்கம் சட்டமான கதை

1849இல் ஆங்கிலேயர் பஞ்சாபைக் கைப்பற்றினர். ஐந்து ஆறுகள் பாயும் அந்த மண்ணில் கிராமந்தோறும் நிலவரித் திட்டம் வகுத்த அதிகாரிகள், எந்த நிலம் யாருக்கு என்று எழுதியதோடு நிற்கவில்லை. சொத்து எவ்வாறு இறங்குகிறது, மகளுக்குப் பங்கு உண்டா, விதவைக்கு என்ன உரிமை என்று ஒவ்வொரு குலத்தாரையும் வினவி, விடைகளைப் பதிவேடுகளில் ஏற்றினர். கிராமத்திற்குரியது வாஜிபுல் அர்ஸ் என்றும், குலவழக்கங்களைத் தொகுத்துக் கூறுவது ரிவாஜே ஆம் என்றும் பெயர் பெற்றன.

யாரை வினவினார்கள்? நிலத்தைக் கையில் வைத்திருந்த குலத்தலைவர்களை வினவினார்கள். மகளுக்குப் பங்கு உண்டா என்ற கேள்விக்கு, அந்தப் பங்கைக் கொடுக்க வேண்டியவர்களே விடை சொன்னார்கள். ஆளுக்கு ஆள், குலத்திற்குக் குலம் நெகிழ்ந்து கொடுத்து வந்த வழக்கம், எழுத்தில் ஏறியதும் கல்லாக இறுகியது.

1872ஆம் ஆண்டின் பஞ்சாப் சட்டங்கள் சட்டம், வாரிசுரிமை போன்ற விஷயங்களில் முதலில் வழக்கத்தைப் பார்க்க வேண்டும், வழக்கம் இல்லாத இடத்திலேயே முஸ்லிம்களுக்கு இஸ்லாமியச் சட்டத்தைப் பார்க்க வேண்டும் என்று விதித்தது. 1881இல் டப்பர் என்னும் ஆங்கில அதிகாரி பஞ்சாபின் வழக்கச் சட்டத்தைத் தொகுத்து நூலாக வெளியிட்டார். நிலம் தந்தைவழி ஆண்மக்களின் கூட்டத்தை விட்டு வெளியே போகக் கூடாது என்பதே அந்த வழக்கத்தின் அடிப்படை. மகன் இருக்க மகளுக்கு நிலத்தில் பங்கில்லை. மகனே இல்லாதபோதும், தந்தைவழி ஆண் உறவினர் முன்வந்து மகளை விலக்கலாம். விதவைக்கு அவளுடைய ஆயுள்வரை அல்லது மறுமணம் செய்யும்வரை அனுபவிக்கும் உரிமை மட்டுமே உண்டு. மனமிரங்கிய தந்தை ஒருவர் தம் மகளுக்கு நிலத்தை எழுதி வைத்தால்கூட, பங்காளிகள் நீதிமன்றம் சென்று அதைத் தடுக்க முடிந்தது.

வெள்ளையர் ஆட்சி இதை ஏன் விரும்பியது? பஞ்சாபின் விவசாயக் குடிகளே நிலவரி செலுத்துவோர். அவர்களே இராணுவத்திற்கு ஆள் தருவோர். அந்தக் குடிகளின் கட்டுக்கோப்பு குலையாமல் இருப்பது ஆட்சிக்குப் பாதுகாப்பு. ஆக, வரி வாங்குபவனின் நலமும் நிலம் வைத்திருப்பவனின் நலமும் ஒன்றாயின. இறைவன் விதித்த பங்கு இரண்டிற்கும் இடையில் நசுங்கியது. ஐவேளையும் தொழுது, ரமளானில் நோன்பும் நோற்ற மக்கள், நீதிமன்றத்தில் நின்று எங்களுக்கு இந்த விஷயத்தில் ஷரீஅத் பொருந்தாது என்று வாதாடிய விந்தை அங்கே நடந்தது!

ஐந்தாறு சொற்கள்

இந்த அநீதிக்கு எதிராக உலமாக்களும் முஸ்லிம் மாதர் சங்கங்களும் குரல் எழுப்பினர். 1935இல் வடமேற்கு எல்லைப்புற மாகாணம் ஷரீஅத் சட்டம் ஒன்றை இயற்றியது. 1937இல் மத்திய சட்டசபையில் முஸ்லிம் தனிச்சட்ட ஷரீஅத் சட்டம் நிறைவேறியது. அதன் நோக்க உரையிலேயே, வழக்கச் சட்டத்தின் கீழ் முஸ்லிம் பெண்களின் நிலை இழிவானது என்று வன்மையாகக் கண்டிக்கப்பட்டிருந்தது.

ஆனால் அச்சட்டத்தின் 2ஆம் பிரிவைப் படிப்போர் திகைத்துப் போவர். வாரிசுரிமை முதலியவற்றில் வழக்கம் எதுவாயினும் ஷரீஅத்தே செல்லும் என்று கூற வந்த அப்பிரிவு, விவசாய நிலம் பற்றியவை நீங்கலாக என்ற பொருள்பட ஐந்தாறு சொற்களை நடுவில் வைத்திருந்தது. விவசாயமே வாழ்வாக இருந்த நாட்டில் விவசாய நிலத்தை நீக்கிவிட்டால் மகளுக்கு மிஞ்சுவது என்ன?

இதற்கு அரசியலமைப்புக் காரணம் ஒன்று இருந்தது உண்மையே. 1935ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டம் விவசாய நிலத்தின் வாரிசுரிமையை மாகாணங்களின் அதிகாரத்தில் வைத்திருந்தது. 1937இலேயே வந்த இந்துப் பெண்கள் சொத்துரிமைச் சட்டமும், இதே காரணத்தால் மாகாணங்களின் விவசாய நிலங்களைத் தொடாது என்று 1941இல் ஃபெடரல் நீதிமன்றம் கூறிற்று. ஆனால் மாகாணம் விரும்பினால் அந்தக் குறையைத் தானே நிரப்பியிருக்கலாமே! பஞ்சாபில் 1937 முதல் 1947 வரை ஆட்சி செய்த யூனியனிஸ்ட் கட்சி நிலக்கிழார்களின் கட்சி. பத்தாண்டுகளில் அந்தச் சட்டத்திற்கு அங்கே வேளை வரவில்லை.

நாடு பிரிந்தபின் 1948இல் மேற்குப் பஞ்சாபில் இக்கோரிக்கை மீண்டும் எழுந்தது. லாகூர் சட்டமன்றத்தின் முன் பெண்கள் திரண்டு உரிமை கேட்டனர். அவ்வாண்டே விவசாய நிலத்தையும் உள்ளடக்கிய ஷரீஅத் சட்டம் அங்கு நிறைவேறியது. வழக்கத்தின் பேரால் பெண்கள் வைத்திருந்த ஆயுட்கால உரிமைகளை முடித்து, நிலத்தை ஷரீஅத்படி வாரிசுகளுக்கு உரியதாக்கும் ஏற்பாடு 1962ஆம் ஆண்டின் மேற்குப் பாகிஸ்தான் சட்டத்தில் இடம்பெற்றது.

சென்னையில் நடந்தது

இச்செய்தியில் தமிழ் முஸ்லிம்களுக்கும் நேரான தொடர்பு உண்டு. சென்னை மாகாணத்தில் முஸ்லிம்களின் வாரிசுரிமைக்கு இஸ்லாமியச் சட்டத்தையே கொள்ள வேண்டும் என்று 1873ஆம் ஆண்டின் உரிமையியல் நீதிமன்றச் சட்டம் கூறியிருந்தது. எனினும் சட்டபலம் பெற்ற வழக்கம் உண்டெனில் அதற்கும் அங்கே இடமிருந்தது. 1949இல் சென்னைச் சட்டமன்றம் ஒரு திருத்தச் சட்டம் இயற்றி, 1937ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்த விவசாய நில விலக்கை நீக்கியது. கேரளம் 1963இல் இவ்வாறே செய்தது. ஆகவே தமிழகத்து முஸ்லிம் மகளுக்கு நன்செய், புன்செய், தோப்பு, துரவு அனைத்திலும் ஷரீஅத் பங்கு உண்டு. நிலம் ஆண்களுக்கே என்ற வழக்கம் எங்கள் குடும்பத்தில் உண்டு என்று எந்தச் சகோதரனும் இங்கே வாதாட முடியாது.

உத்தரப் பிரதேசத்தின் நிலை வேறாயிற்று. ஜமீன்தார்களின் ஆதிக்கத்தை ஒழிக்க 1950இல் அங்கே இயற்றிய சட்டம் பாராட்டுக்குரியது. ஆயினும் அதே சட்டத்தின் 171ஆம் பிரிவு, உழவனின் நிலம் அவனுக்குப்பின் ஆண்மக்களுக்கே முதலில் சேரும் என்று வகுத்தது. இந்து, முஸ்லிம் என்ற வேறுபாடின்றி மகன் இருக்க மகள் விலக்கப்பட்டாள். பிற்காலத் திருத்தங்களில் மணமாகாத மகளுக்கு இடம் கிடைத்தது. ஊரின் ஜமீன்தாரை நீக்கிய சட்டம், வீட்டிற்குள் இருந்த ஜமீன்தாரைத் தொடவில்லை!

சட்டம் வந்தபின்னும் விலகாத கை

சட்டம் எழுதிவிட்டால் நிலம் கைக்கு வந்துவிடுமா? அதுவும் இல்லை. சட்டப் புத்தகத்திற்கும் வயலின் வரப்பிற்கும் இடையே பதிவேடு ஒன்று இருக்கிறது. பாகிஸ்தானில் நம் ஊர்க் கர்ணத்தைப் போன்ற பட்வாரியின் ஏட்டில், தந்தை இறந்தபின் சகோதரர்களின் பெயர் மட்டும் ஏறும். சகோதரி விட்டுக் கொடுத்துவிட்டாள் என்ற ஒரு வரியும் அதனருகே ஏறும்.

இத்தகைய வழக்கொன்றில் பாகிஸ்தான் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு 1990ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுப்பில் முதல் வழக்காக இடம்பெற்றது. உடையவர் உயிர் பிரிந்த கணத்திலேயே வாரிசுகள் உடைமையாளர்களாகி விடுகின்றனர், பதிவேட்டில் பெயர் ஏறுவதற்காக உரிமை காத்திருப்பதில்லை என்று நீதிமன்றம் விளக்கியது. நிலம் சகோதரன் வசம் இருந்தாலும் அவன் கூட்டுப் பங்காளியே. சகோதரியின் பங்கிற்குக் காவலனைப் போன்றவனே அன்றி உரிமையாளன் அல்லன். குடும்பப் பாசத்தின் நெருக்கடியில் பெண் விட்டுக் கொடுத்ததாகக் கூறப்படுவதை நீதிமன்றங்கள் ஐயத்துடனேயே நோக்க வேண்டும் என்றும் அது அறிவுறுத்தியது. ஏமாற்றியோ சட்டவிரோதமாகவோ பெண்ணின் வாரிசுப் பங்கைப் பறிப்பது குற்றம் என்று 2011இல் அந்நாடு தண்டனைச் சட்டத்தையும் திருத்த நேர்ந்தது. சொந்தச் சகோதரிக்குப் பங்கு கொடுக்கச் சிறைத்தண்டனையைக் காட்ட வேண்டியிருக்கிறது என்றால், இதைவிடத் தலைகுனிவு வேறென்ன?

நாம் சொல்லும் சாக்குகள்

பஞ்சாபைப் பார்த்து விரல் நீட்டுவது எளிது. நம் இல்லங்களில் இதே காரியத்திற்கு நாம் வேறு பெயர்கள் வைத்திருக்கிறோம்.

“கல்யாணத்திற்குச் செய்ததே அவள் பங்கு” என்போர் பலர். திருமணச் செலவு தந்தை தம் வாழ்நாளில் மனமுவந்து செய்தது. வாரிசுரிமையோ அவர் மறைந்தபின் பிறப்பது. பிறக்காத உரிமையை முன்னரே கழித்துக்கொள்ள ஷரீஅத்தில் இடமில்லை. தந்தை உயிரோடிருக்கையில் மகள் எனக்குப் பங்கு வேண்டாம் என்று எழுதித் தருவதும், இந்திய நீதிமன்றங்கள் கொள்ளும் பொதுவிதிப்படி செல்லாது. தக்க ஈடு பெற்றுக்கொண்டு எழுதித் தந்தவர் பின்னர் மறுத்துப் பேச இயலாது என்பது மட்டுமே 1972இல் உச்ச நீதிமன்றம் கூறிய விலக்கு. ஈடே கொடுக்காமல் கையெழுத்து மட்டும் வாங்கியவர்களுக்கு அதில் ஆறுதல் ஏதுமில்லை.

“வாப்பா உயிரோடிருக்கும்போதே ஆண்பிள்ளைகளுக்கு ஹிபா எழுதிவிட்டார்” என்பது மற்றொரு சாக்கு. நுஃமான் இப்னு பஷீர் (ரலி) அவர்களின் தந்தை, தம் மக்களில் ஒருவருக்கு மட்டும் அன்பளிப்புக் கொடுத்து, அதற்கு நாயகம் (ஸல்) அவர்களைச் சாட்சியாக்க வந்தார். எல்லாப் பிள்ளைகளுக்கும் இவ்வாறு கொடுத்தீரா என்று பெருமானார் வினவினார்கள். இல்லை என்றதும், அல்லாஹ்வை அஞ்சிப் பிள்ளைகளிடையே நீதியுடன் நடக்குமாறு கூறிச் சாட்சியாக இருக்க மறுத்துவிட்டார்கள். மகளை விலக்குவதற்கென்றே எழுதப்படும் பத்திரத்தில், பெருமானார் மறுத்த சாட்சிக் கையெழுத்தை நம்மில் யார் இடப் போகிறோம்?

ஹிபாவின் இலக்கணத்தை அபூபக்ர் சித்தீக் (ரலி) அவர்களின் வாழ்விலும் காணலாம். அவர்கள் தம் அருமை மகள் ஆயிஷா (ரலி) அவர்களுக்கு 20 வஸக் அளவு பேரீச்சங்கனி தரும் மரங்களை அளித்திருந்தார்கள். மகளார் அதனைக் கைப்பற்றிக்கொள்ளுமுன் மரணவேளை வந்துவிட்டது. இன்று இது வாரிசுகளின் பொருளாகிவிட்டது, இறைவேதப்படி பங்கிட்டுக்கொள்ளுங்கள் என்று கலீஃபா அவர்கள் கூறிவிட்டார்கள். உயிரினும் இனிய மகளுக்காகக்கூட அவர்கள் கணக்கை வளைக்கவில்லை.

“நிலம் துண்டு துண்டாகிவிடும்” என்பது மூன்றாவது சாக்கு. இது வேளாண்மை தெரிந்தோர் கூறும் நியாயம் என்பதால் இதற்கு விடை சொல்ல வேண்டும். பங்கு உண்டு என்பதால் நிலத்தைக் கூறுபோட்டே தீரவேண்டும் என்று ஷரீஅத் கூறவில்லை. நால்வர் பெயரிலும் கூட்டுப் பட்டா இருக்க, ஒருவர் பயிர்செய்து மற்றவர்களுக்கு விளைச்சலில் உரியதைக் கொடுக்கலாம். அல்லது சகோதரியின் பங்கை ஊர் விலைக்கு மதிப்பிட்டு, பணம் கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். வாரிசுகள் மனமொப்பி இவ்வாறு ஈடு பெற்று விலகுவதைத் தகாருஜ் என்று ஃபிக்ஹு நூல்கள் கூறுகின்றன. நிலம் சிதறுமே என்று அஞ்சும் நாம், இரு சகோதரர்களுக்கிடையே மட்டும் அதைப் பிரிக்கத் தயங்குவதில்லையே!

“அவள் கேட்கவில்லையே” என்பது கடைசிச் சாக்கு. கேட்டால் பிறந்தகத்தின் கதவு அடைபடும் என்று அஞ்சி அவள் மௌனமாயிருக்கிறாள். அந்த மௌனம் சம்மதமாகாது. பெரும் பாவங்களை எண்ணி அஞ்சும் நாம், ஒரு சாண் நிலத்தை அநியாயமாக எடுத்தவனின் கழுத்தில் மறுமையில் ஏழு பூமிகளும் மாலையாக மாட்டப்படும் என்ற நபிமொழியை எண்ணிப் பார்ப்பதில்லை. அந்த நபிமொழி பிறர் நிலத்தைப் பற்றியது என்று நினைக்கிறோம். சகோதரியின் பங்கும் பிறர் நிலமே!

கணக்கு மிக எளிது

ஒருவர் 24 ஏக்கர் நிலம் விட்டு இறக்கிறார் என்று கொள்வோம். மனைவியும் இரு மகன்களும் இரு மகள்களும் உள்ளனர். அவருடைய பெற்றோர் முன்பே காலமாகிவிட்டனர். அடக்கச் செலவும், கடனும், மூன்றில் ஒரு பங்கிற்கு மேற்படாத வஸிய்யத்தும் தீர்ந்தபின் நிலம் முழுதும் எஞ்சியிருக்கிறது. மனைவிக்கு அரைக்கால், அதாவது 3 ஏக்கர். மீதி 21 ஏக்கரை ஆறு கூறாக்கினால் ஒரு கூறு மூன்றரை ஏக்கர். மகன் ஒவ்வொருவருக்கும் இரு கூறு, 7 ஏக்கர். மகள் ஒவ்வொருத்திக்கும் ஒரு கூறு, மூன்றரை ஏக்கர். இவ்வளவுதான் கணக்கு. மகன்கள் தலைக்குப் பன்னிரண்டு ஏக்கர் என்று எடுத்துக்கொள்ளும்போது, தாயின் மூன்றும் சகோதரிகளின் ஏழும் ஆகப் பத்து ஏக்கர் பிறர் பொருளை உழுது உண்கிறார்கள். அந்த நிலத்து நெல்லில் ஜகாத்தும் ஸதகாவும் கொடுத்து மனநிறைவும் அடைகிறார்கள்.

அன்பிற்குரிய வாசகர்களே! உங்கள் வீட்டுப் பெட்டியிலுள்ள பட்டாவை இன்று எடுத்துப் பாருங்கள். பெரியவர் மறைந்து ஆண்டுகள் பல கடந்தும் அவர் பெயரிலேயே கிடக்கிறதா? அல்லது உங்கள் பெயர் மட்டும் ஏறியிருக்கிறதா? வாரிசுச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கும்போது சகோதரிகளின் பெயரைத் தவறாமல் எழுதுங்கள். ஃபராயிள் அறிந்த ஆலிம் ஒருவரிடம் பங்குகளைக் கணக்கிட்டு, பாகப்பிரிவினைப் பத்திரத்தைப் பதிவு செய்யுங்கள். பட்டா மாற்றத்தின்போது அவள் பெயரும் ஏடேறட்டும். முதலில் அவள் பங்கை அவள் கையில் கொடுங்கள். அதன்பின் அவள் மனமுவந்து உங்களுக்குத் திருப்பித் தந்தால் அது அன்பளிப்பு. கொடுக்காமலே நீங்கள் வைத்துக்கொண்டால் அது அபகரிப்பு.

மதீனத்து மகள்களுக்குப் பங்கு வாங்கித் தர நாயகம் (ஸல்) அவர்கள் இருந்தார்கள். பஞ்சாபின் மகள்களுக்குச் சட்டம் ஒரு நூற்றாண்டு காக்க வைத்தது. நம் சகோதரிகளுக்குச் சட்டம் 1949இலேயே வழி திறந்துவிட்டது. இனி அவர்களுக்கும் அவர்களின் நிலத்திற்கும் இடையே நிற்பது அரசும் அன்று, நீதிமன்றமும் அன்று, நாமே. வாரிசுப் பொருளைப் பேராசையோடு விழுங்குவோரை ஸூரத்துல் ஃபஜ்ரில் இடித்துரைத்த இறைவன், அந்தக் கூட்டத்தில் நம்மைச் சேர்க்காது, உரியவர்க்கு உரியதை உயிருள்ளபோதே ஒப்படைக்கும் நல்லுள்ளத்தை நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.